ஒரு விரல் தளர்வு

கணினி மையம் என்றால் எல்லாம் மேகத்தில் நடக்கிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேகமாவது மண்ணாங்கட்டியாவது. ஆளைவிட உயரமான இரும்பு ரேக்குகள், அவற்றில் அடுக்கிய இயந்திரங்கள், முதுகுப் பக்கம் குப்பென்று அடிக்கும் வெக்கை, தரையெல்லாம் திருகாணி. ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போக வேண்டுமென்றால் யாராவது ஒருத்தர் முட்டி போட்டுக் குனிந்து ஒரு கேபிளைச் செருகித்தான் ஆக வேண்டும். அந்தக் கேபிள் எது, எத்தனை நீளம் என்று முடிவு செய்கிறவளைத்தான் அந்த மையத்தில் ஸ்கேலக்கா என்று கூப்பிட்டார்கள்.

பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். வீட்டில் போர்வை மடித்தால் ஓரத்தோடு ஓரம் சேர வேண்டும் அவளுக்கு. ஒரு விரல் பிசகினாலும் உதறிவிட்டு மறுபடி மடிப்பாள். "சமையல்ல உப்பைக்கூட அளந்துதான் போடுவியா?" என்று கணவன் கேலி செய்வான். "அளந்து போடறதாலதான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடறீங்க" என்பாள்.

ஒன்பது வருடமாக அங்கே வேலை. ஒன்பது வருடமும் ஒப்பந்த ஊழியர்தான். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அடுத்த வருடம் உண்டா இல்லையா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்த முறை மையத்தில் புதிதாக மூன்று அறைகள் கட்டினார்கள். முதல் அறை ஒரு வானிலை அலுவலகத்துக்கு. மழை எங்கே, எப்போது, எவ்வளவு என்று கணக்குப் போடும் இயந்திரங்கள் அங்கே வரப்போகின்றன.

"இந்த அறையைப் பிசகில்லாம கையளிச்சுடுங்க. மூணு அறைக்கும் பொறுப்பாளர் நீங்கதான். நிரந்தர வேலை" என்று மேலாளர் தன் வாயாலேயே சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டே போனாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ரேக்குக்கு உள்ளேயே ஓடுகிற குட்டைத் தூரத்துக்குச் செம்புக் கேபிள்தான் என்பதில் ஸ்கேலக்காவுக்குச் சந்தேகமே இல்லை. ஒளியிழை என்றால் இரண்டு முனையிலும் மின்சாரத்தை ஒளியாக்கவும் ஒளியை மறுபடி மின்சாரமாக்கவும் ஒரு கருவி வேண்டும். அது தனியாகக் கரண்டு குடிக்கும், தனியாகச் சுடும், தனியாகக் கெட்டும் போகும். செம்புக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் செம்புக்கும் ஒரு குணம் உண்டு: இந்த வேகத்தில் இரண்டு மூன்று மீட்டரைத் தாண்டினால் செய்தி மங்கிவிடும். இன்னொன்று, இரண்டு முனைகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும். நீளமாகிவிட்டால் வெட்ட முடியாது. குட்டையாகிவிட்டால் ஒட்டுப்போட முடியாது. வாங்கினால் வாங்கினதுதான்.

"பேசாம எல்லாத்துக்கும் மூணு மீட்டர் போட்டுடலாமே? பத்தலைங்கற பேச்சே வராது" என்றார் மேலாளர். அவருக்கு எதிலும் கொஞ்சம் தாராள மனசு, பிறத்தியார் சுருட்டி வைக்க வேண்டிய விஷயத்தில்.

"சார், பழைய அறையில அப்படித்தானே போட்டாங்க. மிச்சத்தையெல்லாம் சுருட்டிச் சுருட்டிப் பின்னாடி திணிச்சு, சூடான காத்து வெளிய போக வழியில்லாம இயந்திரமெல்லாம் தானா அணைஞ்சுது. அதைச் சிக்கெடுக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. என் தலையைச் சீவிக்கக்கூட அப்ப நேரமில்ல."

"சரி, உங்க இஷ்டம். நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் பின்வாங்கினார். அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமம்.

அவள் அளப்பது பருத்தி நூலால். இயந்திரங்கள் வருவதற்கு எட்டு வாரம் முன்பே காலி ரேக்குகள் வந்துவிட்டன. ஒவ்வொரு ரேக்கிலும் உச்சியில் ஸ்விட்ச்; எல்லாக் கேபிளும் போய்ச் சேருகிற இடம் அது. அதற்குக் கீழே பதினாறு இயந்திரங்கள். இயந்திரத்தில் கேபிள் செருகுகிற வாய் வரப்போகிற இடத்தில் நூலின் ஒரு நுனியை ஒட்டி, பக்கவாட்டில் திருப்பி, தூணோடு மேலே ஏற்றி, மறுபடி திருப்பி ஸ்விட்சின் வாயில் கொண்டுபோய் நிறுத்துவாள். பழைய அறைகளில் ஆயிரக்கணக்கான கேபிள்களை இப்படி நூல் பிடித்துத்தான் தேர்ந்தெடுத்தாள். ஒன்றுகூடத் தப்பியதில்லை.

இந்த அறைக்கும் அப்படியே. மேல் ஐந்துக்கு ஒரு மீட்டர், நடு ஆறுக்கு ஒன்றரை, கீழ் ஐந்துக்கு இரண்டு. ஒவ்வொரு பிரிவிலும் தூரத்தில் இருக்கிற இயந்திரத்துக்குக்கூட ஒரு ஜாண் மிச்சம் இருந்தது. பதினான்கு ரேக்குக்கும் சேர்த்து இருநூற்று இருபத்துநாலு கேபிள். மாதிரிக்கு ஒன்று வரவழைத்து, மேசைமேல் மாதிரி இயந்திரம் ஒன்றையும் ஒரு ஸ்விட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தாள். வேகம் சரி. பிழை இல்லை. முன்பின் தெரியாத கேபிளைச் செருகினால் சில ஸ்விட்சுகள் மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; இது ஏற்றுக்கொண்டது. 'சுண்டுவிரல் தடிமன் இருக்கே' என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்துவிட்டு, மொத்தத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள். வந்து சேர ஆறு வாரம்.

இயந்திரங்களை ரேக்கில் ஏற்றியது அவள் நாத்தனாரின் குழு. கணவனின் தங்கை, அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவள். எட்டு வருடத்துக்கு முன் ஸ்கேலக்காதான் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டாள். முப்பது கிலோ இயந்திரத்தின் ஒரு முனையை நாத்தனார் பிடித்தால், மறுமுனையைப் பிடிக்க இரண்டு ஆண்கள் வேண்டும் என்று குழுவில் சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணி அளவுக்காரி, நாத்தனார் பளுக்காரி. இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்த அண்ணன் நல்ல பொறுமைசாலி.

கையளிக்கிற நாள் வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. வியாழன் மத்தியானமே எல்லா விளக்கும் பச்சை. அன்றிலிருந்து ஒரு நாள் முழுக்க ஓடிய சோதனையில் ஒரு பிழைகூட இல்லை. கேபிளைச் செருகியவர்கள் வெளியிலிருந்து வந்த இரண்டு பேர். எட்டுகிறதா, எட்டுகிறது, அடுத்தது என்று இரண்டே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்கேலக்கா அந்த இரண்டு நாளும் திரையின் முன்னால் சோதனைப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, எல்லாம் முடிந்துவிட்ட நிம்மதியில், வழக்கமாகச் செய்கிற ஒன்றைச் செய்யப் போனாள். செருகிய கேபிள் ஒவ்வொன்றையும் ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பாள். ஒரு விரல் தடிமனுக்காவது அது வழிவிட வேண்டும். வழிவிட்டால்தான் இயந்திரத்தை இழுக்கும்போதும் அதிரும்போதும் முனைக்கு வலிக்காது. முதல் ரேக், மேலிருந்து முதல் கேபிள், வழிவிட்டது. இரண்டாவது வழிவிட்டது. ஐந்தாவதில் விரல் நின்றுவிட்டது.

துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது கேபிள். ஸ்விட்சின் வாயில் அதன் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

பதினொன்றாவதும் அப்படி. பதினாறாவதும் அப்படி. அடுத்த ரேக்கிலும் அதே மூன்று. பதினான்கு ரேக்கையும் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு பிரிவிலும் தூரத்துக் கடைசி ஒன்று, ரேக்குக்கு மூன்று வீதம் நாற்பத்திரண்டு கேபிள்.

காரணம் முதல் ரேக்கிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. நூல் எந்த வாயிலிருந்தும் உடனே திரும்பும். அதற்கு எலும்பு கிடையாது. பழைய அறைகளின் மெல்லிய கேபிளும் ஏறக்குறைய நூல்தான். இந்தப் புதிய வேகத்துக்கு ஒவ்வொரு கேபிளுக்குள்ளும் பதினாறு ஜோடிக் கம்பிகள். சுண்டுவிரல் தடிமனான அந்த உருப்படி வாயிலிருந்து நேராக அரை ஜாண் வெளியே வந்த பிறகுதான் வளையவே சம்மதிக்கிறது. இந்த முனையில் அரை ஜாண், அந்த முனையில் அரை ஜாண். அவள் பார்த்துப் பார்த்து விட்ட மிச்சம் முழுக்க அதிலேயே போய்விட்டது. மாதிரியாக வந்ததை ரேக்கில் ஒருமுறை வளைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மேசையில் வைத்தல்லவா பார்த்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். அவள் அந்த வெக்கைப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்லவளாகவே அவளைக் காட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் அரை மணி நேரம் அவள் யோசித்தது, பேசாமல் இருந்துவிடலாமா என்றுதான். விளக்கு பச்சை. பிழை பூஜ்யம். இன்னும் மூன்று மணி நேரத்தில் கையெழுத்து. ஒன்பது வருடம்.

"சாப்பிட வரலையா அண்ணி?" என்று நாத்தனார் தேடிக்கொண்டு வந்தாள். "இங்க என்ன, குளிர் காயறீங்களா?"

"அந்தக் கேபிளைத் தள்ளிப் பாரு."

நாத்தனார் தள்ளிப் பார்த்தாள். "விறைப்பா இருக்கு. அதனால என்ன? பச்சைதானே எரியுது?"

"எரியும். ரெண்டு மாசம், மூணு மாசம் எரியும். தலையை ஒருபக்கமா இழுத்துட்டே இருக்கு பாரு. வாய் தளர்ந்துடும். என் அளவு தப்பு. மொத்தம் நாப்பத்திரண்டு."

நாத்தனார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. கையெழுத்தைப் போடுங்க. வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் பொறுப்பாளரே நீங்கதானே? நீளமா நாப்பத்திரண்டு வரவழைச்சு, ஒண்ணொண்ணா மாத்திக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். முழுக்க அநியாயமாக இருந்தால் மறுப்பது சுலபம்.

"புதுசு வர ஆறு வாரம். மழைக்காலத்துக்கு நாலு வாரம்தான் இருக்கு. அந்த ஆபீஸ் இயந்திரத்தை ஓயாம ஓட்டப்போறதே அப்பதான். அந்த நேரம் பார்த்து ஒண்ணு கழண்டுதுன்னா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியே."

"ஒண்ணு கழண்டா உலகம் முங்கிடுமா?"

"முங்காது. ஆனா ஒவ்வொரு தடவை மழை பெய்யறப்பவும் எனக்குத் தூக்கம் வராது."

நாத்தனார் கோபமாகக் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பெட்டி முனகியது. ஐந்து நாள் தூக்கி அடுக்கிய ரேக்கை மேலும் கீழுமாகப் பார்த்தாள். ஸ்கேலக்கா கேபிளைப் பார்த்தால் நீளம் தெரியும். நாத்தனார் ரேக்கைப் பார்த்தால், ஒவ்வொரு இயந்திரமும் உட்காருகிற கட்டம் தெரியும்.

"அண்ணி, ஸ்விட்ச் உச்சியிலதான் இருக்கணும்னு ஏதாவது சட்டமா?"

"வழக்கம். ஏன்?"

"அதைக் கழட்டினா உச்சியில ஒரு கட்டம் காலி. மேல் எட்டு இயந்திரத்தையும் ஒரு கட்டம் மேல ஏத்தினா, நட்டநடுவுல ஒரு கட்டம் காலியாகும். ஸ்விட்சை அங்க வெச்சா?"

ஸ்கேலக்காவின் மனசு ஓடியது. ஸ்விட்ச் நடுவில் என்றால் அதற்கு மேலே எட்டு, கீழே எட்டு. உச்சிக்கும் அடிக்கும் போகிற தூரம் பாதியாகிவிடும். பக்கத்தில் இருப்பதற்கு ஒரு மீட்டர், அடுத்ததற்கு ஒன்றரை, கோடியில் இருப்பதற்கு இரண்டு. கையில் இருக்கிற கேபிளே போதும். தாராளமாகப் போதும்.

"ரேக்குக்கு எட்டு. மொத்தம் நூத்திப் பன்னெண்டு இயந்திரத்தை இறக்கி ஏத்தணும்" என்றாள் மெல்ல.

"ரெண்டு நாள் ஆகும். என் ஆளுங்க என்னைத் திட்டுவாங்க. நான் உங்களைத் திட்டுவேன். நீங்க யாரைத் திட்டுவீங்க?"

"உங்கண்ணனை."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப சரி. போய்ச் சொல்லிட்டு வாங்க. சோறு ஆறிப்போச்சு."

மேலாளர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு ஒரு வழி விடத்தான் பார்த்தார். "நாள் தள்ளிப்போடற படிவத்துல காரணம்னு ஒரு இடம் இருக்கு. அனுப்பின கேபிள் எதிர்பார்த்ததைவிட விறைப்புன்னு எழுதிடலாமே? பொய்யும் இல்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா ஆயிடும் சார். அவங்க நான் கேட்டதைத்தான் அனுப்பினாங்க. நான்தான் ரேக்குல வளைச்சுப் பார்க்கல."

காரணம் என்ற இடத்தில் அதையே எழுதி, சரிசெய்யும் வழி நாத்தனார் சொன்னது என்றும் சேர்த்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

நான்கு மணிக்கு வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விறைத்த கேபிளைத் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். "திங்கள் சாயங்காலம் வரட்டுமா?" என்றார். அவ்வளவுதான். போகும்போது, "பச்சையைப் பார்த்தப்புறமும் பின்னாடி போய்ப் பார்த்தீங்களே, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனியும் ஞாயிறும் இயந்திரங்களை இறக்கினார்கள், ஏற்றினார்கள். நாத்தனாரின் ஆட்கள் வாய் ஓயாமல் முணுமுணுத்தார்கள். ஸ்கேலக்கா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் திருகாணியை எடுத்துக்கொடுத்துக்கொண்டே நின்றாள். செருகுவதை இந்தத் தடவை அவளே செய்தாள், இருநூற்று இருபத்துநாலையும். முட்டி வீங்கிவிட்டது. எல்லாவற்றையும் விரலால் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் வழிவிட்டன. திங்கட்கிழமை அந்த அம்மாள் வந்து கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை மேலாளர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் நேராக உட்காராமல் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு ஸ்கேலக்காவைப் பார்க்காமல் ஆரம்பித்தார்.

"நீங்க மறைக்காம சொன்னதுக்கு எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா மேலிடம் படிவத்தைத்தான் படிக்கும். தப்பு யாரோடதுன்னு அதுல உங்க கையெழுத்தே இருக்கு. வழி கண்டுபிடிச்சது யாருன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க." நாத்தனார் பக்கம் திரும்பினார். "மூணு அறைக்கும் பொறுப்பை உங்ககிட்ட கொடுக்கச் சொல்றாங்க."

"எனக்கு வேண்டாம் சார்" என்றாள் நாத்தனார், அவர் முடிப்பதற்குள். "அது அண்ணிக்கு உரியது. நான் ஏத்தி இறக்கத்தான் லாயக்கு."

ஸ்கேலக்கா இப்போது வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். நாத்தனார் பிடிவாதக்காரி, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மேலாளர் மறுபடி மேலிடத்தில் பேசிப் பார்ப்பார். ஒருவேளை கிடைத்தாலும் கிடைக்கும். இதெல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்தது. நூற்றுப் பன்னிரண்டு இயந்திரத்தைத் தூக்கிய அந்தக் கைகள் மேசைக்குக் கீழே ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்ததும் தெரிந்தது.

"எடுத்துக்கோ" என்றாள்.

"அண்ணி..."

"எடுத்துக்கோன்னா எடுத்துக்கோ. ரேக்கை நிமிர்த்தினது நீ. சார் எழுதிக்கட்டும்."

சாயங்காலம் இருவரும் ஒரே பேருந்தில்தான் வந்தார்கள். ஸ்கேலக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் கணவன் நின்றிருந்தான். "என்ன ஆச்சு? யாருக்குக் கிடைச்சுது?"

"நம்ம வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்கேலக்கா நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை. மறுபடி நேர்ந்தாலும் சொல்லுவாள். ஆனால் வலித்தது. பொறாமையாகவும் இருந்தது, அதுவும் மாடியில் குடியிருக்கிற, தன் கையால் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்ட பெண்ணின் மேல். அப்படி இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததால் அது போய்விடவும் இல்லை. வருடக் கடைசியில் மறுபடி நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று இனி நாத்தனார்தான் பார்த்து எழுதுவாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"அண்ணி." நாத்தனாரின் குரல். "நாளைக்கு ரெண்டாவது அறையில வேலை ஆரம்பிக்கணும். எத்தனை மணிக்குப் போகலாம்?"

எட்டு வருடமாக இந்த வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள் ஸ்கேலக்காதான். அவள் சொல்லுகிற நேரத்துக்கு நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வருவாள். இப்போதும் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயை மூடினாள்.

"நீதான் சொல்லணும்" என்றாள்.



"அப்ப... ஏழரைக்கு வந்துடுங்க, அண்ணி."

"சரி" என்றாள் ஸ்கேலக்கா.